ஜெராக்ஸ் என்று சொன்ன தம்பிக்கு

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், தாராவி, மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று மும்பையின் நாலு பக்கத்திலிருந்தும் லோக்கல் ரயில் பிடித்து வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

'அண்மையில் வந்த படங்களில் மனதில் நிற்பவை இந்திப் படங்களா, ஹாலிவுட் படங்களா?' இதுதான் தலைப்பு. இந்திப் படங்களே என்று பேச வந்திருக்கிறேன். ஒவ்வொரு படமாக எடுத்து நிறை குறை சொல்லலாம் என்று குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு வார்த்தை விட்டார் பாருங்கள். "இந்திப் படத்துக்கு விமர்சனம் எழுத ஒரு வரி போதும். ஹாலிவுட் படத்தை ஜெராக்ஸ் எடுத்து நடுவுல அஞ்சு பாட்டைச் சொருகியிருக்காங்க!" நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் விசில் வேறு. சரி, குறிப்பு இருக்கட்டும். முதலில் தம்பியிடம் கணக்கை முடித்துவிட்டு வருகிறேன்.

தம்பி, 1994இல் வந்த 'ஃபாரஸ்ட் கம்ப்' படத்தை 2022இல் ஆமிர் கான் 'லால் சிங் சத்தா' என்று எடுத்தார். ஒத்துக்கொள்கிறேன். உரிமையை முறையாக வாங்கி, எங்கிருந்து எடுத்தது என்று டைட்டிலில் போட்டுத்தான் எடுத்தார். படம் எனக்கும் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் 2025இல் அதே ஆமிர் கான் 'சிதாரே ஜமீன் பர்' கொடுத்தாரே, அதையும் ஜெராக்ஸ் என்று சேர்த்துச் சொன்னீர்கள். அந்தக் கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஹாலிவுட்டிலிருந்து இல்லை. 2018இல் வந்த 'காம்பியோனெஸ்' என்ற ஸ்பானிஷ் படம். அதை ஹாலிவுட்டும் எடுத்தது. 2023இல், வூடி ஹாரல்சனை வைத்து, 'சாம்பியன்ஸ்' என்று. அப்படியென்றால் தம்பி, ஜெராக்ஸ் கடையை முதலில் திறந்தது யார்? ஆமிர் கானா, உங்கள் ஹாலிவுட்டா?

கைதட்டலுக்கு நன்றி. இன்னும் இருக்கிறது. நம் பக்கத்துப் படத்தை இயக்கியவர் ஆர். எஸ். பிரசன்னா. 'கல்யாண சமையல் சாதம்' எடுத்தாரே, அவரேதான். அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்கள் 10 பேரை நிஜமாகவே தேடிப் பிடித்து நடிக்க வைத்தார். அந்தப் பத்து முகங்களும் திரையில் சிரித்தபோது தியேட்டரே சேர்ந்து சிரித்தது. அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவர்களோடு சேர்ந்து சிரித்தது. புளியைப் பக்கத்து வீட்டில் வாங்கியிருக்கலாம், குழம்பு கொதித்தது நம் வீட்டு அடுப்பில்தான்.

ஆஸ்கர், ஆஸ்கர் என்று மூச்சுக்கு மூச்சு சொன்னீர்களே, அங்கேயும் போவோம். 2006இல் வந்த 'தி டிபார்ட்டட்' சிறந்த படம் உட்பட 4 ஆஸ்கர் வாங்கியது. மார்ட்டின் ஸ்கோர்செஸிக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் கிடைத்த ஒரே படம் அது. அதன் மூலம்? 2002இல் வந்த ஹாங்காங் படம். 2021இல் வந்த 'கோடா' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அதன் மூலம் ஒரு பிரெஞ்சுப் படம். அவர்கள் எடுத்தால் ரீமேக், நாம் எடுத்தால் ஜெராக்ஸா?

அப்புறம் 'கில்' என்று ஒரு இந்திப் படம். 2024இல் நம் தியேட்டர்களுக்கு வந்தது. டெல்லி போகிற ரயிலில் கொள்ளைக்காரர்கள் ஏற, பெட்டிக்குப் பெட்டி சண்டை. அந்தக் கதையை ஆங்கிலத்தில் எடுக்கப் போகிறோம் என்று அறிவித்தவர் யார்? 'ஜான் விக்' எடுத்த சாட் ஸ்டாஹெல்ஸ்கி. சண்டைப் படத்தில் ஹாலிவுட்டின் பெரிய கை. அவரே நம் ரயிலில் ஏறிவிட்டார். தம்பி இன்னும் பிளாட்பாரத்திலேயே நிற்கிறார்!

எதிரணித் தலைவர் ஐயா, "ஐமேக்ஸில் உட்கார்ந்தால் நாற்காலி அதிர்கிறது" என்றார். உண்மைதான் ஐயா. 'எஃப் 1' படத்துக்கு நானும் போனேன். நிஜப் பந்தயங்கள் நடந்த களத்திலேயே போய்ப் படம் பிடித்திருக்கிறார்கள். கேமராவைக் காருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். வளைவில் கார் திரும்பினால் நம் உடம்பும் சேர்ந்து சாய்கிறது. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கதை? ஓய்ந்துபோன வீரர் திரும்பி வந்து ஜெயிக்கிறார். அவ்வளவுதான். நாற்காலி அதிர்ந்தது ஐயா, வீட்டுக்கு வந்து பேச ஒன்றுமில்லை. இன்னொரு படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

2024இல் வந்த 'லாபதா லேடீஸ்'. கிரண் ராவ் இயக்கியது. புதுப்பெண்கள் இரண்டு பேர், இரண்டு பேர் முகத்திலும் முக்காடு, ஒரே ரயில். இருட்டில் மாப்பிள்ளை வேறு பெண்ணைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போய்விடுகிறான். அவன் மனைவி பூல், ஏதோ ஒரு ஸ்டேஷனில் தனியாக நிற்கிறாள். புருஷன் ஊர்ப் பெயர் தெரியாது. புருஷன் பெயர் தெரியும், ஆனால் வாய்விட்டுச் சொல்லத் தயக்கம்.

இந்த இடத்தில், சோபாவில் உட்கார்ந்திருந்த எங்கள் பெரியம்மா "நிறுத்துளா!" என்றார். நிறுத்தினேன். "என் கதைய இவனுவளுக்கு யாரு சொன்னது?"

பெரியம்மா கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நேராக மாட்டுங்கா லேபர் கேம்புக்கு வந்தவர். பெரியப்பா பெயர் விநாயகம். ரேஷன் கார்டுக்குப் பெரியம்மா மட்டும் போய் நின்றிருக்கிறார். கிளார்க் மராட்டிக்காரர். புருஷன் பெயரை இந்தியில் கேட்டார். "பதி கா நாம்?"

பெரியம்மா, "ஹம் நஹி போலேகா."

சொல்ல மாட்டேன் என்பதற்கு நம் தாராவி இந்தி! ஆணும் கிடையாது, பெண்ணும் கிடையாது, எல்லாருக்கும் ஒரே 'போலேகா'. கிளார்க் மறுபடி கேட்டார். "பதி கா நாம்?" "ஹம் நஹி போலேகா." வரிசை நீளுகிறது. பெரியம்மா யோசித்தார். புருஷன் பெயரைச் சொல்லத்தானே கூடாது, காட்டலாமே! மூக்குக்கு முன்னால் கையை நீட்டி இப்படி ஆட்டினார். கிளார்க், "ஹாத்தி?" என்றார். பெரியம்மாவுக்குக் கோபம். என் புருஷன் யானையா? "ஹாத்தி நஹி! பகவான்!"

கிளார்க் முகம் மலர்ந்தது. "கணேஷ்!" "நஹி." பின்னால் நின்ற குஜராத்தி அம்மா, "கஜானன்?" "நஹி." அதற்குப் பின்னால் ஒருவர், "ஏக்தந்த்?" "நஹி." வரிசையே வேலையை விட்டுவிட்டு விடுகதை போடுகிறது. பெரியம்மா கடைசி அஸ்திரத்தை எடுத்தார். கிளார்க்கை நேராகப் பார்த்து, சௌபாத்திக் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டி, "தும் லோக் ஹர் சால் சமுந்தர் மே டாலேகா நா? ஓஹிச்!" வருஷா வருஷம் கடலில் போடுகிறீர்களே, அவரேதான்!

கிளார்க் பொறுமை போய் 'கண்பத்' என்று எழுதிவிட்டார். எழுதி முடித்த பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, "விநாயக்?" என்றார். பெரியம்மா துள்ளிக் குதித்து "ஹாங்! ஹாங்!" கிளார்க் பேனாவை மூடிவிட்டார். "லிக் தியா, மௌசி. எழுதியாச்சு. அடுத்த ஆள்!"

விநாயகப் பெரியப்பா அதன் பிறகு அந்த ரேஷன் கார்டில் கண்பத்தாகவே சர்க்கரை வாங்கினார், கண்பத்தாகவே மண்ணெண்ணெய் வாங்கினார். கடைக்காரர் "கண்பத் பாவ்!" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே பழகிவிட்டார். பெரியம்மாவிடம் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை.

பின்வரிசையில் அம்மாக்கள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டு ரேஷன் கார்டிலும் ஒரு கண்பத் இருக்கிறார் போல!

சிரித்தாயிற்று. இப்போது கேளுங்கள். படத்தை மறுபடி ஓடவிட்டேன். கடைசியில் பூல் தன் புருஷனை ரயில்வே பிளாட்பாரத்தில் பார்க்கிறாள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வாய்விட்டுக் கூப்பிடுகிறாள், "தீபக் ஜி!" பெரியம்மா, "அத மட்டும் திருப்பிப் போடு" என்றார். போட்டேன். இன்னொரு தடவை என்றார். போட்டேன். அப்புறம் சுவரில் மாலை போட்டிருந்த பெரியப்பா படத்தைப் பார்த்துச் சொன்னார். "நானும் ஒரு தடவ பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். அவுக சந்தோசப்பட்டிருப்பாக."

நடுவர் அவர்களே, கிராபிக்ஸ் இல்லை, வெடி இல்லை, ஐமேக்ஸ் இல்லை. ஒரு பெண் ஒரு பெயரைச் சொல்கிறாள். எங்கள் வீட்டில் அத்தனை வருஷமாக மூடிக் கிடந்த வாய் திறந்தது. இதை எந்த ஹாலிவுட் படம் செய்யும்?

தம்பி "சூப்பர்மேன்" என்று எடுத்துக் கொடுக்கிறார். நல்லது, அதையும் பேசுவோம். 2025 ஜூலையில் ஜேம்ஸ் கன் எடுத்த 'சூப்பர்மேன்' வந்தது. நகரமே இடிகிறபோது ஒரு அணிலைக் காப்பாற்றுகிறார். அந்த ஈரம் எனக்குப் பிடித்தது, நானும் கைதட்டினேன். ஆனால் அதே வருஷம் பிப்ரவரியில் இன்னொரு சூப்பர்மேனும் வந்தார், தம்பி. நம் மகாராஷ்டிரத்திலேயே, நாசிக் தாண்டினால் வரும் மாலேகானில். ரீமா காக்தி எடுத்த 'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகான்'. உண்மைக் கதை.

விசைத்தறி ஊர். அங்கே நாசிர் என்பவர் வீடியோ பார்லர் வைத்திருக்கிறார். திருட்டுப் படம் போடுகிறாய் என்று போலீஸ் வந்து மூடுகிறது. அடுத்தவர் படத்தைப் போட்டால்தானே திருட்டு, நாமே எடுப்போம் என்று நண்பர்களைச் சேர்க்கிறார். முதலில் எடுத்தது மாலேகானின் 'ஷோலே'. குதிரைக்குப் பணம் இல்லை, கொள்ளைக்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள். தம்பி சொன்ன ஜெராக்ஸை ஒளிக்காமல், பெயரையே வைத்து எடுத்தவர்கள் இவர்கள். ஊரே திரண்டு வந்து பார்த்தது. திரையில் தெரிந்தது அவர்கள் தெரு, அவர்கள் பேச்சு, அவர்கள் பக்கத்து வீட்டுப் பையன்.

அந்தக் கூட்டத்தில் ஷஃபீக் என்று ஒரு தறித் தொழிலாளி. ஒல்லியான உடம்பு. ஒரே ஒரு ஆசை, ஹீரோவாக நடிக்க வேண்டும். யாரும் கூப்பிடவில்லை. ஒரு நாள் அவனுக்குப் புற்றுநோய் என்று தெரிகிறது. அப்போது நண்பர்கள், பிரிந்து போனவர்களும் திரும்பி வந்து, அவனையே சூப்பர்மேனாக வைத்துப் படம் எடுக்கிறார்கள். அமெரிக்க சூப்பர்மேன் உலகத்தைக் காப்பாற்றுகிறார், காப்பாற்றட்டும். மாலேகானில் நாலு நண்பர்கள் சேர்ந்து, சாகப்போகிற ஒரு சூப்பர்மேனின் ஆசையைக் காப்பாற்றினார்கள். தியேட்டரில் நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்?

கடைசியாக ஒரு படம். மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, தெரிகிறது. ஒரு நிமிஷம் கொடுங்கள்.

2025இல் நீரஜ் கய்வான் எடுத்த 'ஹோம்பவுண்ட்'. ஸ்கோர்செஸியைச் சொன்னேனே, அவரே பார்த்துவிட்டு நிர்வாகத் தயாரிப்பாளராகத் தன் பெயரைக் கொடுத்த படம். ஷோயிப், சந்தன். ஒருவன் முஸ்லிம், ஒருவன் தலித். போலீஸ் வேலை கிடைத்தால் மனுஷனாக மதிப்பார்கள் என்று இரண்டு பேருக்கும் ஆசை. காலம் அவர்களைச் சூரத் ஆலைக்குத் தள்ளுகிறது. அப்புறம் ஊரடங்கு.

2020 மே மாதம் ஒரு புகைப்படம் நாடு முழுக்கச் சுற்றியதே, ஞாபகம் இருக்கிறதா? சாலையோரத்தில், மயங்கிக் கிடக்கும் நண்பன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான். காய்ச்சல் என்றதும் லாரியில் வந்தவர்கள் கொரோனா என்று பயந்து இறக்கிவிட்டார்கள். நீ ஏறிக்கொள் என்று சொல்லியும் மற்றவன் ஏறவில்லை. நண்பனோடு அவனும் இறங்கிவிட்டான். அந்த இருவரின் உண்மைக் கதையிலிருந்து பிறந்ததுதான் இந்தப் படம்.

தாராவியிலிருந்து வந்திருக்கிறீர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வேலை இல்லை, கையில் காசு இல்லை, பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர். ரயில் விடுவார்களா, பஸ் விடுவார்களா என்று வரிசையில் நின்றவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் இருக்கிறீர்கள். ஊர் எல்லையில் நிறுத்தப்பட்டு, சொந்த அம்மாவைத் தூர இருந்து பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். அந்த நாட்களை யாரும் பேச வேண்டாம் என்று மறந்துகொண்டிருந்தபோது, மறக்க விடமாட்டோம் என்று இந்தியில் ஒரு படம் எடுத்திருக்கிறார்கள்.

தம்பி, நான் எடுத்து வைத்த வாதங்களை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டாம். இன்று ராத்திரி வீட்டுக்குப் போய் 'ஹோம்பவுண்ட்' பாருங்கள். உங்கள் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். 2020இல் எப்படி இருந்தது என்று அவரிடம் கேளுங்கள். அவர் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். நன்றி, வணக்கம்.