641 என்னும் துரும்பு

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, வெக்கையைப் பொறுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர்களே, ஆசிரியப் பெருமக்களே, எனக்கு முன் பேசியவர் என் நேரத்திலும் பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டபோது எழுந்து போகாமல் இருந்த வெள்ளவத்தை அவையோரே, வணக்கம். பொன்னாடை போர்த்திய அன்பருக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். அதை இந்த வெக்கையிலும் நான் கழற்றவில்லை என்பதைக் கவனித்திருப்பார்.

நான் எடுத்துக்கொண்ட எண் 4294967297. 2 இன் 32ஆம் வலுவோடு ஒன்றைக் கூட்டினால் வருவது. இதன் காரணிகள், இதன் அயல் எண்கள், கணினியில் இதன் இடம் ஆகிய மூன்றையும் பேசுவதாக அறிவித்திருந்தேன்.

2 இன் 1, 2, 4, 8, 16ஆம் வலுக்களோடு ஒன்றைக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் முதன்மை எண்களாக (தமிழகத்தார் பகா எண் என்பர், அதுவே அழகான சொல் என்பது என் கட்சி) இருப்பதால், அதே வரிசையில் அடுத்து வரும் இந்த எண்ணும் அப்படியே இருக்கும் என்று 1640 அளவில் பிரான்சின் கணித அறிஞர் பெர்மா நம்பினார். 1732இல் சுவிற்சர்லாந்துக் கணித அறிஞர் ஒயிலர் இது 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று காட்டினார். சிறு துரும்பும் பல்லுக்குத்த உதவும் என்பார்கள். இங்கே துரும்பு பல்லையே பெயர்த்துவிட்டது. இதன் காரணி எதுவும் 64ஆல் வகுத்தால் மீதி 1 தரவேண்டும் என்று அவர் பின்னர் நிறுவினார். அப்படிப்பட்ட முதன்மை எண்களில் 193, 257, 449, 577 கழிந்தால் ஐந்தாவதாக நிற்பது 641.

மாணவனாக இருந்தபோது புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் பில் எழுதினேன். இந்த வகுத்தலைக் கணக்கப்பிள்ளை ஐயாவிடம் பெருமையாக நீட்டினேன். கடைக் கல்குலேட்டரில் எட்டு இலக்கமே நிற்கும். அது இந்த எண்ணை ஏற்கவில்லை. அவர் சீனி சுற்றும் தாளை எடுத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் தொடங்கினார். 4294க்கு 6, மீதி 448. 9ஐ இறக்கினால் 4489, அதற்கு 7, மீதி 2. அடுத்த 6ஐ இறக்கினால் 26. 641 போகாது, பூச்சியம். 7ஐ இறக்கினால் 267, மறுபடி பூச்சியம். அங்கே நிறுத்தி என் விடையைப் பார்த்தார். நான் 67417 என்று எழுதியிருந்தேன். "தம்பி, ரெண்டு பூச்சியத்தை விழுங்கிப்போட்டீர். இப்பிடிப் பில் எழுதினால் முதலாளி கடையைப் பூட்டவேண்டியதுதான்," என்றார். சரியான ஈவு 6700417. அதுவும் முதன்மை எண்ணே.

அயல் எண்ணான 4294967295, நான் மேலே சொன்ன ஐந்தின் பெருக்கம். கவராயமும் அடிமட்டமும் மட்டும் கொண்டு அமைக்கலாம் என்று அறியப்பட்ட, ஒற்றை எண்ணிக்கைப் பக்கங்கொண்ட ஒழுங்கான பல்கோணிகளுள் மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள்; வழி திறந்தவர் ஜெர்மனியக் கணித அறிஞர் கவுஸ். கணினியைப் பற்றிப் பேசத் தலைவரின் மணி விடவில்லை.

ஆகவே பெற்றோரிடம் நேராகவே கேட்கிறேன்: நாளைக்கு ஒரு நெடுவகுத்தல், பிள்ளையின் கையால், கல்குலேட்டர் அலுமாரியில். கட்டைப் பென்சில் போதும். சிறு துரும்பும் பல்லுக்குத்த உதவும். வாசல் மேசையில் தாள் வைத்திருக்கிறோம். 6700417ஐ 641ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தேநீருக்குப் போங்கள்.