ஓகே என்றால் எதற்கு ஓகே?

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எனக்கு ஆங்கிலம் வராது என்று சொல்கிறவர்கூட நாள் முழுக்கச் சொல்கிற ஆங்கிலச் சொல், ஓகே. அகராதியைப் புரட்டினால் 'சரி' என்று போட்டிருக்கும். அதோடு விஷயம் முடிந்துவிட்டால் நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. சொன்னவர் ஒன்றை நினைத்து ஓகே சொல்லியிருப்பார், கேட்டவர் வேறொன்றாக எடுத்துக்கொண்டு போயிருப்பார், நாலு நாள் கழித்து 'நீதானே ஓகே சொன்னாய்' என்று சண்டை வரும். அந்தச் சண்டை ஏன் வருகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் இது பிறந்த கதை. இதற்கு ஆளாளுக்கு ஒரு மூலம் சொல்வார்கள். கிரேக்கம் என்பார்கள், ஸ்காட்லாந்து என்பார்கள். அமெரிக்கப் பழங்குடிகளான சோக்டா மக்களின் மொழியிலிருந்து வந்தது என்று நம்பிய அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன், அதற்கேற்ற எழுத்துக்கூட்டலிலேயே அதை எழுதிக்கொண்டிருந்தார். ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழி ஆய்வாளர் பழைய பத்திரிகைகளைத் தோண்டித் துருவி, 1963-64-இல் கட்டுரைகளாக எழுதியதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருக்கும் விளக்கம். அதன்படி இந்தச் சொல் அச்சில் தலைகாட்டியது 1839 மார்ச் 23 அன்று, பாஸ்டன் மார்னிங் போஸ்ட் பத்திரிகையில். அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு தொடரை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுத்துக்கூட்டி, பிறகு முதலெழுத்துகளை மட்டும் வைத்துச் சுருக்குவார்கள். 'ஆல் கரெக்ட்' என்பதை ஏ வர வேண்டிய இடத்தில் ஓ, சி வர வேண்டிய இடத்தில் கே என்று எழுதினால் ஓ.கே. ஆகிவிடும். எல்லாம் சரி என்று சொல்கிற சுருக்கத்தில் இரண்டு எழுத்துமே தப்பு, அதுதான் கிண்டல். 'ஆல் ரைட்'டுக்கு ஓ.டபிள்யூ. என்று இன்னொன்று இருந்தது. அப்படி வந்ததெல்லாம் அந்தப் பருவத்தோடு போய்விட்டது, இது மட்டும் தங்கிவிட்டது.

தங்கியதற்கு அரசியலும் ஒரு காரணம். 1840-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் மார்ட்டின் வான் பியூரன் மறுபடி நின்றார். அவருடைய ஊர் கிண்டர்ஹூக். அதை வைத்து 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று அவரை அழைத்தார்கள். சுருக்கினால் ஓ.கே.தான். ஆதரவாளர்கள் ஓ.கே. பெயரில் சங்கமே வைத்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவருக்கு முன்னால் அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, அவர் போட்ட கையெழுத்துதான் இந்த ஓ.கே. என்று கதை கட்டிவிட்டார்கள். வான் பியூரன் தோற்றுப்போனார், சொல் ஜெயித்தது. அப்புறம் தந்தி வந்தது. செய்தி கிடைத்தது என்று மறுமுனைக்குச் சொல்ல இதைவிடச் சுருக்கமாக என்ன இருக்கிறது?

இந்தத் தந்திப் பொருளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'கிடைத்தது', அவ்வளவுதான். நல்லது என்றோ கெட்டது என்றோ அதில் இல்லை. இன்றும் ஓகேயின் உள்ளே அடிப்படையாக இருப்பது அந்தப் பொருள்தான் என்பது என் எண்ணம். படம் எப்படி இருந்தது என்று கேட்டு 'ம்... ஓகே' என்று பதில் வந்தால் யாராவது டிக்கெட் வாங்க ஓடுவோமா? மாட்டோம். ஆனால் கீழே விழுந்தவரிடம் 'ஓகேவா?' என்று கேட்டு அவர் 'ஓகே' என்றால் அதைவிட நிம்மதியான பதில் கிடையாது. இரண்டு இடத்திலும் சொல் சொல்வது ஒன்றே: குறை ஒன்றும் இல்லை. பாராட்டை எதிர்பார்த்த இடத்தில் அது அடியாக விழுகிறது, ஆபத்தை எதிர்பார்த்த இடத்தில் ஆறுதலாகிறது.

ஆங்கிலம் புதிதாகப் பேசத் தொடங்குகிறவர்கள் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. 'இன்னும் கொஞ்சம் காபி?' என்று கேட்கிறார்கள். 'ஐ ஆம் ஓகே' என்று பதில் வருகிறது. ஆம், கொடுங்கள் என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள், 'எனக்கு இருப்பது போதும், வேண்டாம்' என்று அர்த்தம். அதே கேள்விக்கு வெறும் 'ஓகே' என்றால் ஊற்றலாம். மன்னிப்புக் கேட்டவரிடம் 'தட்ஸ் ஓகே' என்றால் பரவாயில்லை, விடுங்கள் என்று பொருள். செய்தது சரி என்று பொருளில்லை. 'மேனேஜர் ஓகே பண்ணிவிட்டார்' என்றால் அது அனுமதி. வகுப்பில் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி 'ஓகே...' என்று இழுத்தால் அது எதற்கும் பதிலே இல்லை, அடுத்த பாடத்துக்குப் போகிறேன் என்கிற அறிவிப்பு. போனில் 'ஓகே... ஓகே அப்புறம்...' என்று ஒருவர் தொடங்கினால் அவர் வைக்கப் பார்க்கிறார் (நம்மில் சிலருக்கு அது எட்டாவது ஓகேயில்தான் புரியும், அதை விடுங்கள்).

குரலில் இருக்கும்வரை இதெல்லாம் பிழைத்துப் போகிறது. எழுத்துக்கு வந்தால்தான் தொல்லை. நீளமாக, மனசைக் கொட்டி ஒரு செய்தி அனுப்புகிறோம், பதிலாக 'கே' என்று ஒற்றை எழுத்து. அனுப்பியவர் ஒரு கையில் பையைப் பிடித்தபடி அவசரமாகத் தட்டியிருக்கலாம். வாங்கியவருக்கோ முகத்தில் கதவைச் சாத்தியது மாதிரி இருக்கும். பின்னால் ஒரு முற்றுப்புள்ளியும் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

கணினித் திரைக்கும் இதில் பங்கு உண்டு. 1980-களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் லிசா என்ற கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, சம்மதம் சொல்ல அழுத்தும் பொத்தானில் 'டூ இட்' என்று எழுதியிருந்தார்கள், அதாவது 'செய்'. சோதனைக்கு உட்கார்ந்த ஒருவர் அதை 'டோல்ட்' என்று படித்துவிட்டு, கணினி தன்னை முட்டாள் என்கிறதே என்று எரிச்சல் அடைந்தார். இரண்டு சொல்லுக்கும் இடையே இருந்த இடைவெளி திரையில் சரியாகத் தெரியவில்லை, நடுவில் இருந்த பெரிய எழுத்து ஐ, எல் மாதிரி தெரிந்துவிட்டது. பிறகு அதை ஓகே என்று மாற்றினார்கள். இன்று 'ரத்து செய்யட்டுமா?' என்று திரை கேட்கும், கீழே ஓகே, கேன்சல் என்று இரண்டு பொத்தான் இருக்கும். எதை அழுத்தினால் ரத்தாகும் என்று ஒரு நொடி திகைக்காதவர் உண்டா?

திகைப்போடு போனால் பரவாயில்லை. 1977 மார்ச் 27, ஸ்பெயினைச் சேர்ந்த கேனரி தீவுகளில் உள்ள டெனரீப் விமான நிலையம். மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள், ஒன்று நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்துடையது, இன்னொன்று அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனத்துடையது. கே.எல்.எம். விமானத்திலிருந்து 'நாங்கள் இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்' என்கிற மாதிரி ஒரு வாசகம் போகிறது. புறப்படுவதற்குத் தயாராக நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்ட கட்டுப்பாட்டு அதிகாரி 'ஓகே' என்கிறார், சிறிய இடைவெளி விட்டு 'காத்திருங்கள், நான் அழைக்கிறேன்' என்கிறார். அதே நேரம் பான் ஆம் விமானி 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்று பேச, வானொலியில் இரண்டு குரலும் மோதி கே.எல்.எம். விமானி அறையில் ஒரு கீச்சொலி. அங்கே தெளிவாக விழுந்தது அந்த 'ஓகே' மட்டும்தான். கே.எல்.எம். விமானம் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது, போய்ப் பான் ஆம் விமானத்தின்மேல் மோதியது. 583 பேர் இறந்தார்கள். பனி, அவசரம், அனுமதி வருமுன் கிளம்பியது என்று காரணங்கள் பல, ஒரு சொல்மேல் மொத்தப் பழியையும் போடுவது நியாயமில்லை. ஆனாலும் அந்தச் சொல் அங்கே யாரையும் தடுத்து நிறுத்தவில்லை.

விமானிகளின் வானொலி மொழியில் 'கேட்டேன்' என்பதற்கு ரோஜர், 'சொன்னபடி செய்கிறேன்' என்பதற்கு வில்கோ, 'ஆம்' என்பதற்கு அஃபர்ம் என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஓகே ஒன்றே மூன்று வேலையும் பார்க்கக் கூடாது என்பதுதான் கணக்கு. அந்த விபத்துக்குப் பிறகு, முக்கியமான உத்தரவுகளுக்கு வெறுமனே ஓகே, ரோஜர் என்று சொல்லிவிட்டுப் போவதை விட்டு, உத்தரவையே திருப்பிச் சொல்லும் முறையை இறுக்கினார்கள். மருத்துவத்திலும் இது உண்டு. 'புரிந்ததா, ஓகேவா?' என்று கேட்டால் எந்த நோயாளியும் தலையாட்டிவிடுவார் என்று தெரிந்ததால், 'இந்த மாத்திரையை எப்போது, எத்தனை போடப் போகிறீர்கள், நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்கச் சொல்லித் தருகிறார்கள்.

வீட்டிலும் அலுவலகத்திலும் இவ்வளவு கெடுபிடி வேண்டாம்தான். ஆனால் பணம், தேதி, மருந்து, வாக்குறுதி என்று வருகிற இடத்தில் 'ஓகேவா?' என்று கேட்பதை விட்டு 'எப்போது அனுப்புகிறாய்?' என்று கேட்டுப் பாருங்கள். ஓகே என்று அதற்குப் பதில் சொல்ல முடியாது. எனக்குக் கொடுத்த நேரம் முடிந்தது, கேட்டதற்கு நன்றி, வணக்கம்.