பேய்ப்படத்தில் தெரியும் கைவேலை

வணக்கம் நேயர்களே.

1968இல் வெளிவந்த ‘நைற் ஒவ் த லிவிங் டெட்’ படத்தில் எழும்பி வந்த பிணங்கள் தின்னுகிற இறைச்சி, கசாப்புக் கடையிலிருந்து வந்த சுட்ட பன்றித்தொடை. அதன்மேல் ஊற்றியது சொக்லேட் பாணி. கறுப்பு வெள்ளைப் படம் என்றபடியால் சொக்லேட்டின் மண்ணிறம் அப்படியே இரத்தமாகப் பதிந்தது. படத்தை எடுக்கப் பத்துப் பேர் முதலில் ஆளுக்கு 600 டொலர் போட்டார்கள். கடைசியில் செலவு ஏறத்தாழ 114,000 டொலரில் நின்றது. கதை நடக்கிற பண்ணை வீடு இடிக்க இருந்த வீடு. அதனால் கதவை உடைக்கவும் சுவரில் ஆணி அடிக்கவும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்தப் படத்தை இன்றைக்கும் உலகம் முழுவதும் இரசிகர்கள் ராத்திரி கூடியிருந்து பார்க்கிறார்கள். பயம் மட்டும் காரணம் என்றால் ஒருதரம் பார்த்தாலே போதும். இருபதாம் தரம் பார்க்கிறவர் பயப்படப் பார்ப்பதில்லை. இந்த இடத்தில் என்ன செய்தார்கள், கமராவை எங்கே வைத்தார்கள், எதை மறைத்தார்கள் என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறார். பெரிய செலவில் கணினியில் செய்த பேயை அப்படிப் பார்க்க முடியாது. அதில் தையல் தெரியாது. மலிவான பேய்ப்படத்தில் தையல் தெரியும். அது தெரிந்த பிறகும் பயம் வருகிறதென்றால், செய்தவர் கெட்டிக்காரர். அந்தக் கெட்டித்தனத்துக்குத்தான் இரசிகர்கள் ஆயுள் முழுக்க விசுவாசமாக இருக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் படத்தின் பெயரைக் கடைசி நேரத்தில் மாற்றியபோது, விநியோகித்தவர்கள் பதிப்புரிமை அறிவிப்பைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யாரும் போடலாம், யாரும் கொப்பி அடிக்கலாம். எடுத்தவர்களுக்கு அது பெரிய நட்டம். ஆனால் எந்த மூலையிலும் படம் கிடைத்தது. கையிலிருந்து கைக்குப் போகிற படத்துக்குத்தான் இப்படியான இரசிகர் கூட்டம் சேரும். மின்சாரம் இல்லாத காலத்தில் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் விடிய விடியப் படம் பார்த்த வன்னிக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சரி, கைவேலைக்கு வருவோம். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ குறும்படம் எடுக்க நினைக்கிற பிள்ளைகள் பலர். பேய்க்கதை அவர்களுக்கு வாய்ப்பான இடம். மற்ற எந்தக் கதைக்கும் காட்டக் காசு வேண்டும். பேய்க்கதையில் காட்டாமல் விடுவதுதான் வேலையே.

காட்டாமல் விடுவதற்கு மூலபாடம் 1942இல் வந்த ‘கற் பீப்பிள்’, பெண்ணொருத்தி கருஞ்சிறுத்தையாக மாறுகிற கதை. ஸ்ரூடியோ கொடுத்தது ஒரு தலைப்பும் 150,000 டொலர் உச்ச வரம்பும். அதில் ஒரு பெண் இரவில் தனியே நடக்கிறாள். பின்னால் இன்னொரு பெண்ணின் குதிச் சப்பாத்துச் சத்தம். கொஞ்சத்தில் அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. நின்றதும்தான் பார்க்கிறவருக்கு நெஞ்சு அடைக்கிறது. அவள் ஓடத் தொடங்குகிறாள். மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்க்கிற நேரம், மிருகம் சீறுகிற மாதிரி ஒரு சத்தம் திரையைக் கிழிக்கிறது. பார்த்தால் பேருந்து, அதன் பிரேக்கின் காற்றுச் சத்தம். அந்தக் காட்சியில் மிருகம் வரவே இல்லை. ஏ9 வீதியில் ராத்திரி பாரவூர்தி ஒன்று எயார் பிரேக் போடுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். ஆனால் கவனிக்க வேண்டியது பேருந்தை அல்ல, அதற்கு முந்திய அமைதியை. சத்தம் கூடினால் பயம் கூடும் என்று நினைத்துத் தொடக்கத்திலிருந்தே இசையை வாரி இறைப்பதுதான் எங்கள் குறும்படங்களில் அதிகம் நடக்கிற பிழை. காது களைத்துப்போனால் கடைசியில் எதைப் போட்டாலும் ஏறாது.

ஆகவே முதற் செலவை ஒலிக்கு வையுங்கள். போனில் பதிவு செய்தாலும் பரவாயில்லை. சத்தம் வருகிற இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் போன் இருக்க வேண்டும். மைக் துளையை மெல்லிய ஸ்பொஞ்சால் மூடுங்கள். சோளகம் அடிக்கிற மாதங்களில் மூடாமல் எடுத்தால் காற்று மைக்கில் அடித்துப் பொருமுகிற இரைச்சல் மட்டும்தான் மிஞ்சும். ஒவ்வொரு இடத்திலும் எல்லாரும் வாய் மூடி நிற்க ஒரு நிமிடம் வெறும் சூழல் ஒலியை எடுத்து வையுங்கள். எடிற்றிங்கில் வசனத்துக்கு வசனம் பின்னணி மாறாமல் ஒட்டுவது அதுதான். அதை மறந்தால் ஒவ்வொரு வெட்டிலும் தவளைச் சத்தம் நின்று நின்று வரும். பிறகு பேயும் வராது, பிசாசும் வராது.

எலும்பு முறிகிற சத்தத்துக்கு ஈரத்துணியில் சுற்றிய கரட்டை இரண்டாக முறியுங்கள். கத்தி இறங்குகிற சத்தத்துக்கு வத்தகப்பழம். நிலத்தில் ஏதோ ஊர்ந்து வருகிறது என்று காட்ட, காய்ந்த காவோலை ஒன்றைக் கிரவல் நிலத்தில் மெதுவாக இழுத்துப் பதிவு செய்து, வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். காவோலை என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது இருட்டு. போன் கமராவுக்கு இருட்டு ஆகாது. வெளிச்சம் குறைந்தால் அது தானாகவே உணர்திறனைக் கூட்டும், படம் முழுக்க மணல் தூவினமாதிரி ஆகும். கமராவைக் கையால் அமைக்கிற முறைக்கு மாற்றி, ஐ.எஸ்.ஓ என்கிற உணர்திறன் எண் 800க்கு மேல் போகாமல் பூட்டுங்கள். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் திறந்திருக்கிற நேரம் நொடியில் ஐம்பதில் ஒன்று. இந்த இரண்டு எண்ணுக்கும் காரணம் இருக்கிறது. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மின்குமிழ் நொடிக்கு நூறு தரம் துடிக்கிறது. 30 பிரேம், அறுபதில் ஒன்று என்று வைத்தால் திரையில் கறுப்புப் பட்டிகள் மேலும் கீழும் ஓடும். படம் எடுத்து முடித்து வீட்டில் பெரிய திரையில் பார்க்கும்போதுதான் அது கண்ணில் படும். திருத்துவது மிகக் கடினம்.

இருட்டு வேண்டுமென்றால் பகலில் எடுங்கள். இது பழைய வித்தை. சூரியன் நடிகருக்குப் பின்னால் இருக்க வேண்டும், அதுதான் நிலவாகத் தெரியும். வெளிச்ச அளவை இரண்டு படி இறக்கி, நிறச் சமநிலையை (வைற் பலன்ஸ்) 3200 கெல்வினில் வையுங்கள், எல்லாம் நீலம் பாயும். வானம் மட்டும் பிரேமுக்குள் வரவே கூடாது. வெள்ளை வானம் ஒரு மூலையில் தெரிந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். குளத்து நீரும் அப்படித்தான். பனங்கூடலின் அடிமரங்களை நிறைத்து எடுத்தால் தப்பலாம்.

ரோர்ச் லைற்றோ குப்பி விளக்கோ எரிகிற காட்சியைப் பகலில் எடுக்க முடியாது, சுடர் தெரியாது. அதற்குச் சூரியன் மறைந்த பிறகு வருகிற மைம்மல் பொழுது வேண்டும். எங்கள் ஊர் நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் அந்த நேரம் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம்தான் மேல். ஐரோப்பாவில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு ஒரு மணித்தியாலம் கிடைக்கும் என்று நம்பி இறங்கினால் மூன்றாவது ஷொட்டில் மாட்டிக்கொள்வீர்கள். ஐந்தரைக்கே ஒத்திகையை முடியுங்கள். தூரக்காட்சியை முதலில் எடுங்கள், முகத்தைப் பிறகு எடுங்கள். முகத்துக்கு ஒரு சிறிய எல்.ஈ.டி விளக்கை ரெஜிபோம் தட்டில் அடித்துத் திருப்பிவிட்டால் இருட்டிய பிறகும் சமாளிக்கலாம். ரோர்ச்சை நேரே முகத்துக்கு அடித்தால் மூக்கும் நெற்றியும் வெள்ளையாக எரிந்துபோகும். ரோர்ச்சின் வாயில் இரண்டு மடிப்பு எண்ணெய்த்தாள் ஒட்டுங்கள்.

இனி இரத்தம். இதற்குத்தான் எல்லாரும் காத்திருப்பீர்கள். சீனி இரண்டு கோப்பை, தண்ணீர் ஒரு கோப்பை. சிறு தீயில் கரைத்து ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். ஒரு மேசைக்கரண்டி சோளமாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும்போதே ஊற்றித் துழாவுங்கள். இறக்கி, சமையலுக்குப் பாவிக்கிற சிவப்புக் கலரிங் இரண்டு தேக்கரண்டி, நீலம் இரண்டு துளி. ஒரு தேக்கரண்டி கொக்கோத் தூளைச் சுடுதண்ணீரில் குழைத்துச் சேருங்கள். கொக்கோ இல்லாவிட்டால் கமராவில் ரோஜாப்பூச் சர்பத் மாதிரி விழும். பழைய காயத்துக்குக் கொக்கோவைக் கூட்டுங்கள். காய்ந்த இரத்தம் கருமண்ணிறம்தானே. சீனியை அளவுக்கு மேல் கொதிக்க வைத்தால் ஆறினதும் கற்கண்டாகி உதிரும்.

உடுப்பில் பூசுகிற பங்கில் மட்டும் பாத்திரம் கழுவுகிற திரவம் சில துளி கலந்தால் கறை கழுவ இலகு. அந்தப் போத்தலில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள், வாயில் வைக்கிற இரத்தத்தோடு மாறக்கூடாது. இரண்டையுமே கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். வன்னியில் இன்னொரு பிரச்சினை எறும்பும் இலையானும். பிணமாகப் படுத்திருக்கிறவர் அரைமணித்தியாலத்தில் துள்ளி எழும்புவார். இரத்தச் சட்டியைத் தண்ணீர் நிரப்பிய பேசினுக்குள் வையுங்கள், பிணக்காட்சியைக் கடைசியாக எடுங்கள்.

முகமூடிக்கு வருவோம். 1978இல் வந்த ‘ஹலோவீன்’ படத்துக் கொலைகாரனின் முகம், கடையில் இரண்டு டொலருக்கும் குறைவாக வாங்கிய ஒரு தொலைக்காட்சி நடிகரின் ரப்பர் முகமூடி. கண்துளையைப் பெரிதாக்கி வெள்ளை பூசினார்கள். துளை பெரிதானதால் கண் நிழலுக்குள் போய்விட்டது. எங்கே பார்க்கிறான் என்று தெரியாது. அந்தப் படத்தில் கதை நடப்பது அமெரிக்காவின் நடுப்பகுதியில், இலையுதிர் காலத்தில். எடுத்தது கலிபோர்னியாவில், வசந்தத்தில். காய்ந்த இலைக்கு நிறம் பூசித் தெருவில் கொட்டி, ஷொட் முடிந்ததும் கூட்டி அள்ளி, அடுத்த தெருவில் கொட்டினார்கள். அப்படியும் சில இடங்களில் பின்னால் பாம் மரம் எட்டிப்பார்க்கும். இரசிகர்கள் அதைக் குறையாகச் சொல்வதில்லை, பக்கத்தில் இருப்பவருக்குக் கைகாட்டிச் சொல்கிற சந்தோஷமே தனி.

இங்கே முகமூடி செய்ய மண்சட்டியின் பின்பக்கத்தில் எண்ணெய் தடவி, பத்திரிகைத் துண்டுகளைக் கோதுமை மாக் கூழில் தோய்த்து ஆறு படை ஒட்டுங்கள். இரண்டு படைக்கு ஒருதரம் காய விடுங்கள். மாரியில் தொடங்காதீர்கள், வாடைக்காற்றில் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைப் பெயின்றில் கொஞ்சம் சாம்பல் கலந்தால் மினுக்கம் போய்விடும். மினுங்கினால் முகமூடி என்று உடனே தெரியும். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துக்கும் காத்தவராயன் கூத்துக்கும் ஒப்பனை செய்கிற அண்ணாவிமார், ஐயாமார் இன்னமும் இருக்கிறார்கள். ஒரு முகத்தைத் தூர இருந்து பார்க்கிறவருக்கு எப்படி எழுதுவது என்று அவர்களைக் கேளுங்கள். எந்த வீடியோவிலும் அந்தப் பாடம் கிடைக்காது.

பேய் ஓடி வருகிறதைப் பேயின் கண்ணால் காட்டுவதற்கு ‘ஈவில் டெட்’ காரர்கள், 1979இல் ரெனசி மாநிலக் காட்டு வீடொன்றில் தொடங்கிய படப்பிடிப்பில், பலகை ஒன்றின் நடுவில் கமராவைப் பூட்டி ஆளுக்கொரு முனை பிடித்து ஓடினார்கள். நீங்கள் ஆறடிப் பலகையின் நடுவில் போனை இறப்பர் பட்டியால் இறுக்குங்கள். பிடிக்கிற இரண்டு பேரும் ஒரே உயரம் இருக்க வேண்டும். முழங்கால் உயரத்தில், அகல லென்ஸில் எடுங்கள். அகல லென்ஸில் நடுக்கம் குறைவாகத் தெரியும், வேகம் கூடத் தெரியும். போனின் தன்னியக்க நிலைநிறுத்தத்தை நிறுத்திவிடுங்கள். மங்கல் வெளிச்சத்தில் அது படத்தைக் களி மாதிரி நெளிக்கும். ஓடுகிற பாதையை முன்னரே நடந்து பார்த்துக் கருக்குமட்டையையும் வேரையும் அகற்றுங்கள்.

பாதை என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னமும் முடியவில்லை. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை இருக்கிற இடம் மட்டுமல்ல, நடமாட்டம் இல்லாத எந்தப் பற்றைக்குள்ளும் பழைய பங்கருக்குள்ளும் இறங்க வேண்டாம். கிராம அலுவலரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும். காட்டோரம் என்றால் யானை நடமாட்டத்தையும் கேளுங்கள். இடிந்த வீடுகள் கமராவுக்கு எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவை செற் அல்ல. அந்தச் சுவருக்குள் செத்தவர்களின் பிள்ளைகள் அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார்கள். அங்கே போய்ப் பேய் வேடம் போட்டு ஓடுவது சரியில்லை, உரித்தாளர் சம்மதித்தாலும் சரியில்லை என்பதே என் எண்ணம். சொந்த வீட்டில் எடுங்கள். ‘பரநோர்மல் அக்ரிவிற்றி’ என்ற பேய்ப்படத்தை எடுத்தவர் 15,000 டொலரில், தன்னுடைய சொந்த வீட்டில், ஒரு வாரத்தில் எடுத்தார். அசையாமல் நிற்கிற கமரா, நித்திரை கொள்கிற இரண்டு பேர், தானே அசைகிற கதவு. கதவில் கட்டிய நூல் தெரியாமலிருக்க வேண்டும் என்பதுதான் அப்படியான காட்சிக்கு முழு வேலையும். மெல்லிய தூண்டில் தங்கூசி போதும், வெளிச்சம் அதன் பின்னாலிருந்து வராமல் பாருங்கள்.

எடிற்றிங் முடிந்ததும் உடனே யூடியூபில் போடாதீர்கள். கதை தெரியாத ஐந்தாறு பேரை இருத்தி ஒருதரம் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் பக்கத்தில் நின்று அவர்களின் முகத்தைப் பாருங்கள். யார் எந்த நேரத்தில் போனை எடுக்கிறார், எந்த இடத்தில் பிழையாகச் சிரிக்கிறார் என்று நிமிடம், நொடியோடு எழுதுங்கள். பிழையான சிரிப்பு பெரும்பாலும் பேயை அதிக நேரம் காட்டுவதால் வருவது. மூன்று நொடி நிற்கிற பேயை 12 பிரேமுக்கு, அதாவது அரை நொடிக்கு வெட்டி, அதே காட்சியை வேறு ஐந்து பேருக்குப் போட்டுப் பாருங்கள்.

நன்றி. வணக்கம்.