கல்லாங்குத்து என்று எழுதப்பட்ட நிலம்

நேயர்களுக்கு என் வணக்கம். பழைய கற்கருவிகள் கிடக்கும் இடங்களும், பழங்காலத்தார் இறந்தோரைப் புதைத்த ஈமக்காடுகளும் குவாரியாலும் உழவாலும் அழிவதைப் பற்றி இன்று பேசுகிறேன்.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பல்லாவரத்தில் சரளைக்காகத் தோண்டிய ஒரு குழியில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அங்கேதான் தொடங்கியது. குழி தோண்டாமல் இருந்திருந்தால் அந்தக் கல் வெளியே வந்திருக்குமா என்று கேட்பீர்கள்; நியாயமான கேள்விதான். ஆனால் அது கையால் வெட்டிய குழி. அதன் சுவரில் மண்ணடுக்குகள் கலையாமல் தெரிந்தன. இன்றைய பொக்லைன் ஒரு மேட்டையே சில நாள்களில் வாரி டிப்பரில் ஏற்றிவிடுகிறது. கருவிகள் கிடந்த அடுக்கு முழுவதும் ஏதோ ஒரு சாலைக்கு அடியில் போய்ச் சேர்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு அகழாய்வு செய்த சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும், கருவிகள் எவ்வளவு காலம் புதைந்து கிடந்தன என்பதையும், அவை கிடந்த களிமண்ணில் பதிந்திருந்த புவிக்காந்தத் திசையையும் அளந்துதான், மிகப் பழைய கைக்கோடரிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவித்தார்கள். மேலடுக்குகளின் மணல்துகள்கள் கடைசியாக எப்போது வெயில் கண்டன என்ற கணக்கிலிருந்து 3,85,000 ஆண்டு என்ற இன்னொரு காலம் 2018இல் கிடைத்தது. அதே கைக்கோடரி லாரி மண்ணில் கிடைத்திருந்தால் அருங்காட்சியகத்தில் வைக்கலாம். காலத்தைச் சொல்ல அதனால் முடியாது.

ஈமக்காடுகளின் நிலையும் இதுவே. ஏர் உழுத காலத்தில் கொழு ஆழமாக இறங்கவில்லை. புதைகுழியைச் சுற்றி நட்ட கல்வட்டத்தை உழவர் சுற்றிக்கொண்டு போனார். டிராக்டருக்கு அது இடைஞ்சல். எனவே கற்கள் பெயர்ந்து வரப்புக்குப் போகின்றன. டிராக்டரின் சட்டிக் கலப்பை, இறந்தோரை வைத்துப் புதைத்த தாழியின் கழுத்தை உடைத்து, கறுப்பு சிவப்பு ஓடுகளைப் படைச்சால் நெடுக இறைத்துவிடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டம், 2010இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடமோ குவாரியோ கூடாது என்கிறது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். மாநிலத்துக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஆனால் அறிவிக்கை வெளியாகாத இடத்துக்கு அந்த 100 மீட்டர் இல்லை. அத்தகைய இடங்களே மிகுதி. மக்கள் ‘பாண்டவர் குழி’ என்றும் ‘மோரியர் வீடு’ என்றும் தலைமுறைகளாக அறிந்த நிலம், கிராமக் கணக்கில் ‘கல்லாங்குத்து’, அதாவது பயிருக்கு ஆகாத கற்பாங்கான நிலம், என்று இருக்கிறது. குவாரிக் குத்தகைக்கு மனு வந்தால் அதிகாரியின் முன் இருப்பது அந்தக் கணக்குத்தான். அவர் பொய் எழுத வேண்டிய தேவையே இல்லை. ஆகவே, புதிய சட்டம் கேட்பதற்கு முன், புல எண்வாரியாகக் களத்தில் நடந்து பார்த்து, கிராமத்தின் நிலக் கணக்கான அ-பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் ‘தொல்லியல் இடம்’ என்று எழுதினாலே போதும் என்பது என் எண்ணம். குத்தகை பேசுவதற்கு முன் ஒருவராவது நின்று கேட்பார்.

உழவரைக் குற்றவாளியாக்குவதால் பயன் இல்லை. தாழி கிடைத்ததைச் சொன்னால் நிலம் போய்விடும் என்று அவர் அஞ்சுகிறார். பல்லாவரத்தில் பாதுகாக்கப்பட்ட மேட்டைச் சுற்றியுள்ளவர்கள் வீடு கட்ட அனுமதி கிடைக்காமல் பட்ட பாட்டைப் பார்த்தால், அந்த அச்சத்தை வீண் என்று தள்ளிவிட முடியாது. மேலோட்டமாக உழலாம், ஆழ உழவும் கிணறும் வேண்டாம், அதனால் வரும் இழப்புக்கு ஈடு உண்டு என்று எழுத்தில் கொடுத்தால் அவரே காவலராவார்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கடலைக்காட்டில், பாதி கற்களை இழந்த வட்டத்தைக் காட்டிய பெரியவர், “அந்தக் கல்லெல்லாம் வரப்புலதான் சார் கிடக்குது, திரும்ப நட்டுட்டா சரியாப் போயிடுமா?” என்று கேட்டார். கல் நின்ற குழி தெரிந்தால்தான் நட முடியும் என்றேன். இருவரும் குனிந்து தேடினோம். கற்களைப் பெயர்த்த இடத்தில் மண்ணின் நிறம் சற்று மாறியிருந்தது. இரண்டு குழிகளை அடையாளம் கண்டோம். மற்றவற்றின் மேல் கலப்பை போய்விட்டிருந்தது.