மறைந்த கல்லூரித் தோழர்களைப் பற்றி எழுதும்போது

வணக்கம். முன்னாள் மாணவர் சங்கங்கள் வெளியிடும் ஆண்டு மலர்களின் இறுதிப் பக்கங்களில், மறைந்தவர்களின் பெயர், படித்த ஆண்டு, வகித்த பதவி ஆகியவற்றை மட்டும் அச்சிட்டு முடித்துவிடும் வழக்கத்தை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அந்தப் பக்கங்களை எப்படி எழுதலாம் என்பதைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

ஒருவரின் பிள்ளைப் பருவத்தைப் பெற்றோரும் உடன்பிறந்தோரும் அறிவார்கள். பணிக்காலத்தை உடன் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். 18 வயதுக்கும் 22 வயதுக்கும் இடையே அவர் எந்தப் பாடத்தில் திணறினார், யாருக்காகத் தேர்வுக் கட்டணம் கட்டினார், விடுதியில் எதைப் பற்றி விடிய விடிய வாதாடினார் என்பவையோ உடன் படித்தவர்களுக்கு மட்டுமே தெரியும். பதவிப் பட்டியலைக் குடும்பத்தாரே தந்துவிடுவார்கள். அந்த நான்கு ஆண்டுகளைத் தரக்கூடியவர்கள் வகுப்புத் தோழர்கள்தான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் இதழில் நினைவுக் குறிப்புகள் வகுப்புவாரியாக, அந்தந்த வகுப்பினரின் பொறுப்பில் எழுதப்படுவதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

யாரை நினைவுகூர்வது என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. ஹார்வர்டில் 1870களில் எழுப்பப்பட்ட நினைவு மண்டபத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒன்றியத்துக்காக, அதாவது வடக்குத் தரப்புக்காக, உயிர்நீத்த 136 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அதே கல்லூரியில் படித்துத் தெற்குத் தரப்பில் போரிட்டு மாண்டவர்களுக்கு அங்கே இடமில்லை. ஆக்ஸ்போர்டின் நியூ கல்லூரியோ, முதல் உலகப் போரில் எதிர்த்தரப்பில் நின்று இறந்த தன் ஜெர்மானிய மாணவர்கள் மூவருக்கு 1930இல் தனிக் கல்வெட்டு வைத்தது. இரண்டு முடிவுகளையும் நான் ஒன்றாக எடைபோடவில்லை, ஏனெனில் அடிமைமுறையைக் காப்பதற்காகத் தெற்குத் தரப்பு நடத்திய போரும் முதல் உலகப் போரும் ஒன்றாகா. ஆயினும் எந்தப் பட்டியலும் ஒரு தீர்ப்பைச் சொல்லாமல் சொல்கிறது.

நம்முடைய பட்டியல்களில் இத்தகைய தீர்ப்பு பெரும்பாலும் கவனக்குறைவால் நேர்கிறது. படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்கள் பதிவேட்டிலிருந்தே விடுபடுகிறார்கள். திருமணத்திற்குப் பின் பெயரோ தலைப்பெழுத்தோ மாறிய பெண்கள் இறந்த செய்திகூடக் கல்லூரியை வந்தடைவதில்லை. கேம்பிரிட்ஜில் தொடக்க காலம் முதல் 1900 வரை படித்தவர்களைத் தொகுத்த ஜான் வென், பட்டம் பெறாதவர்களையும் சேர்த்தே எழுதினார். (கணக்குப் பாடத்தில் நாம் வட்டம் வட்டமாக வரைந்த வென்படத்தின் வென் இவர்தான்.) 1922இல் முதல் தொகுதி வெளிவந்தது, அடுத்த ஆண்டே அவர் காலமானார், அவருடன் சேர்ந்து உழைத்த மகன் 1954இல் பத்தாவது தொகுதியோடு பணியை நிறைவு செய்தார்.

அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தார் ஆண்டுதோறும் ஏப்ரல் 21 அன்று கூடி, அவ்வாண்டு மறைந்தவர்களின் பெயர்களை வருகைப் பதிவைப் போல வாசிக்கிறார்கள். பெயர் வந்ததும் உறவினரோ நண்பரோ எழுந்து, நாம் வகுப்பில் "உள்ளேன் ஐயா" என்று சொல்வதைப் போல, அவர் சார்பில் குரல் கொடுக்கிறார். சடங்கு என்று பார்த்தால் எளியதுதான். ஆனால் இறந்தவருக்காகப் பதில் சொல்ல ஓர் ஆள் தேவை என்பதை அது முன்கூட்டியே நினைக்க வைக்கிறது.

எழுத முற்படுவோருக்குச் சில வேண்டுகோள்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்த இரங்கல் செய்தியை நம்பி எதையும் வெளியிடாதீர்கள். குடும்பத்தாரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள், இறப்பின் காரணத்தை அவர்கள் விரும்பினால் மட்டும் எழுதுங்கள். மறைந்தவரைக் குறையே இல்லாதவராக்கிவிடாதீர்கள். கடன் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராத பழக்கம் அவருக்கு இருந்ததென்றால், அதைப் படித்ததும் நண்பர்கள் அவரை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "நல்ல மனிதர்" என்ற விடையே கிடைக்கும், "வகுப்பில் எங்கே உட்காருவார், யாரோடு சண்டையிட்டார்?" என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் வகுப்பின் குழுப் புகைப்படம் கைவசம் இருந்தால், நிற்பவர்கள் இடமிருந்து வலம், அமர்ந்திருப்பவர்கள் இடமிருந்து வலம் என்று பெயர்களை இந்த வாரமே எழுதிவிடுங்கள். அடையாளம் தெரியாத முகங்களுக்கு எண் இட்டு, நினைவாற்றல் மிக்க தோழர்கள் இருவருக்கேனும் அந்தப் படத்தை அனுப்பிவையுங்கள்.