ஐப்பசியில் வரும் பசி

(புனித வின்சென்ட் தே பவுல் திருநாளையொட்டி, காவிரி டெல்டாவிலுள்ள கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் அன்பியங்கள் எனும் அக்கம்பக்கக் கிறிஸ்தவக் குடும்பக் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கும் பங்குப் பேரவையினருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, பங்குப் பேரவையினரே, அன்பியப் பொறுப்பாளர்களே, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினரே, அனைவருக்கும் வணக்கம்.

வேளாங்கண்ணிப் பெருவிழா இப்போதுதான் முடிந்தது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்பிருந்தே காவி உடுத்தி நடந்துபோனவர்களுக்குச் சாலையோரம் பந்தல் போட்டுச் சோறு போட்டீர்கள். மோர் கொடுத்தீர்கள், கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டீர்கள். யாரும் சாதி கேட்கவில்லை, எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. இப்படிப்பட்ட ஊருக்குக் கொடுக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. எப்போது கொடுப்பது, யாரிடம் போய்க் கொடுப்பது, எந்தப் பொருளைக் கொடுப்பது என்ற மூன்றைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

நம் பங்குகளில் தர்மம் எப்போது நடக்கிறது என்று பாருங்கள். கிறிஸ்துமசுக்குப் புடவை, வேட்டி. தவக்கால உண்டியல் பாஸ்கா (ஈஸ்டர்) முடிந்து திறக்கப்படுகிறது. பங்குத் திருவிழாவுக்கு அன்னதானம். எல்லாமே வழிபாட்டு ஆண்டைப் பார்த்து நடக்கின்றன. ஆனால் டெல்டாவில் பசி வயலைப் பார்த்துத்தான் வரும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை நடவு, பிறகு சம்பா, அதன் பிறகு தாளடி. நாற்றுப் பறிப்பு, நடவு, களை என்று கையில் கூலி புரளும். தாளடி நடவும் முடிந்து, ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் வயலில் வேலை இல்லை. தண்ணீர் நிற்கிற மண்ணில் அரசின் ஊரக வேலைத் திட்டப் பணியும் நடக்காது. அடுத்த கூலி தை அறுவடையில்தான். அந்த அறுவடைக்கும் இப்போது இயந்திரம் வந்துவிட்டது. கதிர் அறுத்து, கட்டுத் தூக்கிக் களத்தில் நெல்லாகவே கூலி வாங்கி வந்த பெண்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். ஆக ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் கூலிக் குடும்பங்களுக்குக் கடன் மாதங்கள். அதே மூன்று மாதம்தான், கிறிஸ்துமஸ் புடவை வேட்டியைத் தவிர்த்தால், நம் தர்மப் பெட்டியும் காலியாகக் கிடக்கிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வறியோர் உலக நாளை ஏற்படுத்தினார். 2017 முதல் பொதுக்காலத்தின் 33-ஆம் ஞாயிறன்று அதைக் கடைப்பிடிக்கிறோம். அது நவம்பர் நடுவில், ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கிற நேரத்தில் வரும். உலகத்துக்கெல்லாம் பொதுவாகக் குறித்த நாள், நமக்கென்றே குறித்ததுபோல் அமைந்துவிட்டது. 2018-இல் அந்த ஞாயிறு நவம்பர் 18. அதற்கு இரண்டு நாள் முன்பு, 16-ஆம் தேதி விடியற்காலையில்தான் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியது. அந்த ஞாயிறன்று யார் வறியவர் என்று பிரசங்கம் வைத்து விளக்க வேண்டிய தேவை டெல்டாவில் எந்தக் கோயிலுக்கும் இருக்கவில்லை. புயல் இல்லாத ஆண்டுகளில் அந்த நாளைப் பிரியாணிப் பொட்டலத்தோடு முடித்துவிடுகிறோம். பொட்டலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஞாயிறுக்கு முன்பே பங்கின் உதவிப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.

பட்டியல்தான் முதல் சிக்கல். தொடக்கத் திருச்சபையிலேயே வந்த சிக்கல் அது. திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். அன்றாடப் பந்தி விசாரிப்பில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்காதீர்கள் என்று திருத்தூதர்கள் அதட்டவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி அந்த ஏழு பேருடைய பெயரும் கிரேக்கப் பெயர். எந்தப் பக்கத்துக் கைம்பெண்கள் விடுபட்டார்களோ, அந்தப் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போயிற்று.

நம் பட்டியல் எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் கோயில் தெருவில். பூசைக்குத் தவறாமல் வருகிற பாட்டி முதல் பெயர். கிளைக்கிராமத்தின் கடைசித் தெரு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தலித் குடியிருப்பு, கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயர். தேர் போகாத தெருவுக்கு அரிசிப் பையும் போவதில்லை என்பது பல ஊர்களில் கண்கூடு. இதற்கு அறிவுரை மருந்தாகாது. உதவிக் குழுவில் அந்தத் தெருவிலிருந்தே இரண்டு பேர் உட்கார வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். சாவி, கணக்கு நோட்டு இரண்டில் ஒன்று அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

இன்னும் சிலர் வழக்கமாக விடுபடுகிறார்கள். புருஷன் குடிக்கிறான் என்பதற்காக மனைவி பெயரை அடிக்கிறோம். கோயிலில் தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று ஒரு வீட்டைத் தாண்டிப் போகிறோம். மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான், பணம் அனுப்புவான் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். அனுப்புகிறானா என்று கேட்பதில்லை. குத்தகைக்கு நிலம் எடுத்து இரண்டு போகம் மழையில் விட்டவர் வாய் திறந்து கேட்கவே மாட்டார். போன வருஷம் வரை கொடுத்த கை அது. பிற சமயத்தாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வின்சென்ட் தே பவுல் சபையின் உதவிக்குச் சமயம் ஒரு நிபந்தனை கிடையாது. அதே நேரம், இறந்துபோனவர்களின் பெயர்கள் பட்டியலில் அப்படியே இருக்கின்றன. அந்தப் பைகள் யார் வீட்டுக்குப் போகின்றன என்பதை வருஷத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள்.

அடுத்து, போய்ப் பார்ப்பது. 1833 ஏப்ரல் 23-இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் தன் தோழர்களோடு வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது அவருக்கு அன்றுதான் இருபது வயது நிறைந்தது. முந்தைய ஆண்டுதான் அந்த நகரத்தைக் காலரா வாரிக்கொண்டு போயிருந்தது. பேச்சு போதும், செயலில் என்ன காட்டுகிறீர்கள் என்று சக மாணவர்கள் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்த சபை இது. அந்த இளைஞர்களுக்கு ஏழை வீட்டுக்குள் எப்படிப் போவது என்று தெரியாது. சொல்லிக்கொடுத்தவர் ரோசாலி ராந்து என்ற பிறரன்புக் கன்னியர் சபைச் சகோதரி. எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று பெயர் கொடுத்தார், ரொட்டிக்கான சீட்டும் கொடுத்தார். சீட்டைக் கோயில் வாசலில் வைத்துக் கொடுத்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

வீடு பார்க்க இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். சாப்பாட்டு நேரம் வேண்டாம்; சோறு இல்லாத வீட்டுக்கு அந்த நேரத்து விருந்தாளி பெரிய வேதனை. மாலை நாலரைக்கு மேல், விளக்கு வைப்பதற்குள் சரியான நேரம். திண்ணையில் உட்காருங்கள், நின்றுகொண்டே பேசாதீர்கள். நோட்டை அங்கே திறக்காதீர்கள். திரும்பி வந்து எழுதிக்கொள்ளலாம். குடும்ப அட்டை யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள், அடகில் இருக்கலாம். ரேஷன் கடையில் விரல் ரேகை பதிகிறதா என்று கேளுங்கள். சேற்றில் உழைத்துத் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காமல், மூன்று முறை நடந்துவிட்டு அரிசியே வேண்டாமென்று விட்ட கிழவிகள் இருக்கிறார்கள். அப்படியானால் வேறொருவர் வாங்கிக்கொள்ள அங்கீகாரப் படிவம் எழுதிக் கொடுக்கலாம். அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது ஒரு மூட்டை அரிசிக்குச் சமம். முதியோர் உதவித்தொகை மாதந்தோறும் வருகிறதா, வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பாதி மாத்திரை மீதி இருந்தால் மறதியாகவும் இருக்கலாம், சாப்பாடு இல்லாமல் போட பயந்ததாகவும் இருக்கலாம். இரண்டாவதுதான் நாம் கண்டுபிடிக்க வேண்டியது.

குழுக்கடன் தவணை எந்தக் கிழமை என்று பக்குவமாகக் கேளுங்கள். இது முக்கியம். தவணைக்கு முதல் நாள் நாம் கொடுக்கிற பை, மறுநாள் காலையில் கடையில் பாதி விலைக்குப் போய்விடும். அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள். கடன் வசூலிக்க வருகிறவர்கள் வாசலில் ஏழெட்டுப் பேரை உட்கார்த்தி வைத்துக் கேட்கிறார்கள், மானத்துக்குப் பயந்து விற்கிறாள். தவணைக்கு மறுநாள் கொடுங்கள். பொருள் வீட்டில் தங்கும்.

போன முதல் நாளே வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரே வாரத்தில் மறுபடியும் போங்கள். செபம் செய்யலாமா என்று கேட்டு, சரி என்றால் செபியுங்கள். வேண்டாம் என்றால் எழுந்து வாருங்கள், பை நிற்கக் கூடாது. புகைப்படம் கிடையவே கிடையாது. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்ற இயேசுவின் முன்னால் நாம் வாட்ஸ்அப்பில் படம் போட்டுக்கொண்டிருக்கிறோம். கோயில் பெயர் அச்சடித்த பையும் வேண்டாம். எல்லோரும் கடைக்குக் கொண்டுபோகிற மஞ்சப்பை போதும்.

இனி பொருள். நெல் விளைகிற ஊர், கையில் இருப்பது அரிசி, அதனால் அரிசியே கொடுக்கிறோம். ஆனால் ரேஷனில் அரிசி விலையில்லாமல் வருகிறது. துவரம்பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர் குறைந்த விலையில் வருகின்றன. குறைவது மற்றவை. ஒன்றிரண்டு முதியவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு ஒரு மாதப் பை என்றால் பாசிப்பயறு ஒரு கிலோ, உளுந்து அரை கிலோ, ரவை ஒரு கிலோ, கடலை எண்ணெய் அரை லிட்டர், புளி கால் கிலோ, உப்பு ஒரு கிலோ, மிளகாய்த்தூள் நூறு கிராம், மிளகும் சீரகமும் ஐம்பது ஐம்பது கிராம், குளியல் சோப்பு இரண்டு, துணி சோப்பு இரண்டு, தீப்பெட்டி. அரிசி கூடுதலாக வேண்டியது பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்கும், அட்டை இல்லாத வீட்டுக்கும்தான்.

பிடியரிசி நல்ல வழக்கம், விட்டுவிடாதீர்கள். ஒரு பிடி ஏறத்தாழ ஐம்பது கிராம். தினம் ஒரு பிடி எடுத்து வைத்தால் வீட்டுக்கு மாதம் ஒன்றரை கிலோ. இருபத்தைந்து வீட்டு அன்பியத்தில் நாற்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சேரும். கெடுவது எங்கே என்றால், எல்லா வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டுகிற இடத்தில். பச்சரிசி, பொன்னிப் புழுங்கல், இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்தால் ஒன்று குழைந்து கஞ்சியாகும்போது இன்னொன்று விதையாக நிற்கும். வாங்கியவர் வாய் திறந்து சொல்ல மாட்டார், கோழிக்குப் போடுவார். அன்பியக் கூட்டத்துக்கு மூன்று வாளி வையுங்கள்: பச்சரிசி ஒன்று, சாப்பாட்டுப் புழுங்கல் ஒன்று, இட்லி அரிசி ஒன்று. மாதத்துக்கு மேல் எதையும் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் அந்தும் வண்டும் சீக்கிரம் வந்துவிடும்.

அடைமழை நாட்களுக்கு வேறு கணக்கு. நாலு நாள் விடாமல் பெய்தால் அரிசி இருக்கிற வீட்டிலும் அடுப்பெரியாது. விறகு நனைந்திருக்கும், சிலிண்டர் தீர்ந்திருக்கும். அப்போது வேண்டியது அவல், பொரி, ரொட்டி, காய்ந்த விறகு, கூரைமேல் போடத் தார்ப்பாய். கோயில் மண்டபத்தின் ஒரு மூலையில் புரட்டாசியிலேயே விறகு அடுக்கி வையுங்கள். தார்ப்பாயை இப்போதே வாங்குங்கள். புயல் எச்சரிக்கை வந்தபின் கடையில் விலையும் இருக்காது, பாயும் இருக்காது. மண்டபச் சாவி மூன்று பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கட்டும்.

கடைசியாகப் பணம். தையில் அறுவடை முடிந்ததும் வருகிற நெல் காணிக்கையில் ஒரு பங்கை ஐப்பசிக்கென்று ஒதுக்குங்கள். நெல்லாகவே ஒன்பது மாதம் வைக்க நினைக்காதீர்கள். சரியாகக் காயாத நெல் புழுங்கிப் போகும், மீதியை எலி தின்னும். பல வயல் நெல் கலந்தது. சிட்டா அடங்கல் என்ற நில ஆவணம் இல்லாமல் அரசு கொள்முதல் நிலையத்தில் போட முடியாது. உள்ளூர் வியாபாரியிடம் நாலு பேர் முன்னிலையில் எடைபோட்டு விற்று, தனிக் கணக்கில் போடுங்கள். ஒரு காரியத்துக்கென்று கொடுக்கப்பட்ட காணிக்கையை அந்தக் காரியத்துக்கே செலவிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம், 1267-ஆம் எண். ஐப்பசிப் பணத்தில் மைக் செட் வாங்கக் கூடாது, கொடிமரத்துக்கு வர்ணமும் அடிக்கக் கூடாது.

ஏழைகளின் பணத்தைச் சேர்த்து வைக்கக் கூடாது என்பது வின்சென்ட் தே பவுல் சபையின் பழைய ஒழுங்கு. அப்படியிருக்க ஒன்பது மாதம் வைக்கலாமா என்று சபையினர் கேட்கலாம். சரியான கேள்வி. வரப்போவது தெரிந்த பசிக்காக வைப்பது பதுக்கலாகாது. மார்கழி முடியும்போதும் கணக்கில் பெரிய தொகை நின்றால் அதுதான் பதுக்கல். நாம் ஏதோ ஒரு வீட்டைப் பார்க்கவில்லை என்று பொருள். இடையில் வாராவாரக் கூட்டத்தில் சுற்றிவரும் இரகசியப் பையும் நிற்க வேண்டாம். மூடிய கையை உள்ளே விட்டு எடுப்பதால், ஐந்நூறு போட்டவரும் ஐந்து ரூபாய் போட்டவரும் ஒரே வரிசையில் உட்கார முடிகிறது.

இந்த ஆண்டுத் தை கடந்துவிட்டது. இருப்பதைக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அடுத்த ஞாயிறுக்குள் ஒவ்வொரு அன்பியமும் தன் எல்லையில் உள்ள வீடுகளைத் தெருவின் கடைசியிலிருந்து எழுதிக்கொண்டு வாருங்கள். கிளைக்கிராமப் பட்டியலை உபதேசியாரிடமும் அந்தத் தெருப் பெண்களிடமும் கேட்டு எழுதுங்கள். அக்டோபர் இரண்டாம் ஞாயிறு திருப்பலி முடிந்து இதே மண்டபத்தில் குழு கூடும்; எந்த வீட்டுக்கு எந்த இருவர் என்பதை அன்று பிரித்துக்கொள்வோம். முதல் சுற்று ஐப்பசி முதல் தேதிக்குள் முடிய வேண்டும்.