ஏசா ஏன் தாமதமாக வந்தான்?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குக் கேமராவைச் சமையலறை மேடையிலேயே வைத்திருக்கிறேன். அடுப்பில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருக்கிறது. இளங்குட்டிக் கறி, முக்கால் மணி நேரத்தில் பதம் வந்துவிடும். அந்த முக்கால் மணி நேரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 27ஆம் அதிகாரத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன், ஈசாக்கின் வீட்டில் நடந்ததும் இந்தக் கணக்கை ஒட்டியதுதான்.

கதை உங்களுக்குத் தெரியும். ஈசாக்குக்கு 60 வயதில் பிறந்த இரட்டையர். முதலில் வந்தவன் ஏசா, சிவந்த மேனி, உடம்பெல்லாம் ரோமம். அவன் குதிகாலைப் பிடித்துக்கொண்டே வந்தவன் யாக்கோபு. நம் தமிழ் வேதாகமம் இருவரையும் இரண்டே சொல்லில் பிரித்துவிடுகிறது: ஒருவன் வனசஞ்சாரி, இன்னொருவன் கூடாரவாசி. அப்பாவுக்கு ஏசாவைப் பிடிக்கும், அம்மாவுக்கு யாக்கோபை.

அப்பாவுக்கு ஏன் ஏசாவைப் பிடித்தது? அவன் கொண்டுவரும் வேட்டை ஈசாக்கின் வாய்க்கு ருசியாக இருந்தது என்று நாம் படிக்கிறோம். எபிரெயத்தில் அந்த இடம் இன்னும் சுருக்கம்: 'வேட்டை அவன் வாயில்' என்று மட்டும்தான் இருக்கிறது. யார் வாயில் என்பது அதில் இல்லை. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி இரண்டு பொருளையும் தருகிறார். ஒன்று, ஈசாக்கின் வாயில், அதாவது சாப்பாடு. மற்றொன்று பழைய ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், சொன்னது: ஏசாவின் வாயில். பேச்சாலேயே அப்பாவை வலைபோட்டுப் பிடித்தானாம். உப்புக்கும் வைக்கோலுக்கும்கூடத் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கை, எப்படிக் கொடுப்பது என்று கேட்டு, பக்திமான்போல நடித்தானாம்.

இந்த இரண்டாவது விளக்கத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஏசாவைக் கெட்டவனாக்க இத்தனை பாடுபட வேண்டுமா? ஆதியாகமத்தில் வேட்டைக்காரர்கள் என்று பேர் வாங்கியவர்கள் நிம்ரோதும் ஏசாவும்தான். 18ஆம் நூற்றாண்டில் பிராகில் இருந்த ரபி எசேக்கியேல் லாண்டௌவிடம், காடுகள் அடங்கிய பெரிய எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் வேட்டைக்குப் போகலாமா என்று கேட்க, அவரும் இந்த இருவரைத்தான் சுட்டிக்காட்டி, பொழுதுபோக்குக்காகக் கொல்வது நம் வழக்கமில்லை என்று பதில் எழுதினார். விளையாட்டுக்கு உயிரைக் கொல்லாதே என்பது சரிதான், நானும் அந்தக் கட்சி. ஆனால் ஏசா விளையாட்டுக்குப் போகவில்லையே! கண் தெரியாத அப்பா, வேட்டையாடிச் சமைத்துக் கொண்டுவா, சாப்பிட்டுவிட்டு உன்னை ஆசீர்வதிக்கிறேன் என்று வாய் திறந்து கேட்டார், மகன் அம்பறாத்தூணியையும் வில்லையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். அப்பாமேல் உள்ள அன்பைக் காட்ட அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

அவன் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் அம்மா ரெபெக்காள், அந்த ஆசீர்வாதம் யாக்கோபுக்குக் கிடைக்கட்டும் என்று அவனிடம் என்ன சொல்கிறாள்? ஆட்டு மந்தைக்குப் போ, இரண்டு நல்ல வெள்ளாட்டுக் குட்டிகளைக் கொண்டுவா. தேடல் இல்லை, தடம் பார்ப்பது இல்லை, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காத்திருப்பதும் இல்லை. குட்டிகள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. ஈசாக்குக்கு எந்தப் பக்குவம் பிடிக்கும் என்று அவளுக்கு அத்துப்படி.

நான்தான் ஏசா என்று சொல்லி யாக்கோபு சாப்பாட்டோடு வந்ததும் ஈசாக்கு கேட்கிற கேள்வியைக் கவனியுங்கள். 'என் மகனே, இது உனக்கு இத்தனை சீக்கிரமாய் எப்படி அகப்பட்டது?' ருசி மாறியிருக்கிறதே என்று அவர் கேட்கவில்லை. நேரம்தான் இடிக்கிறது. வேட்டை என்றால் தாமதமாகும் என்று அவருக்குத் தெரியும். எத்தனை நாள் பசியோடு ஏசாவுக்காகக் காத்திருந்திருப்பார்!

பிறகு தொட்டுப் பார்க்கிறார். என் தாத்தாவுக்குக் கண்புரை முற்றியிருந்த காலத்தில், யார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாலும் முதலில் மணிக்கட்டைப் பிடிப்பார். கட்டைவிரலால் மெல்ல வருடுவார், அப்புறம்தான் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஒரு நாளும் தப்பியதில்லை. அதனால் இந்த இடத்தைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடிவதில்லை. ஏசாவின் ரோமம்போலத் தெரிய ஆட்டுத்தோல் சுற்றிய யாக்கோபின் கை ஈசாக்கின் விரல்களுக்குள் இருக்கிறது. 'சத்தம் யாக்கோபின் சத்தம், கைகளோ ஏசாவின் கைகள்' என்கிறார். காது சரியாகத்தான் சொன்னது, அவர் விரலை நம்பிவிட்டார்.

யாக்கோபு வெளியே போன மாத்திரத்தில் ஏசா வருகிறான். ஈசாக்கு நடுநடுங்கிப் போகிறார். அப்போது அவர் கேட்பது: அப்படியானால் எனக்கு வேட்டையாடிக் கொண்டுவந்தவன் யார்? வேட்டை என்ற அதே சொல்தான் அங்கேயும். எனக்குக் கதை திறந்துகொள்வது இந்தக் கேள்வியில்தான். கூடாரவாசிதான் வேட்டைக்காரன், கூடாரத்துக்குள்தான் வேட்டை நடந்தது. முதல் முறை இரை பயற்றங்கூழ்: களைத்து வந்த ஏசா 'இந்தச் சிவப்பு, சிவப்பு' என்று, கூழ் என்றுகூடச் சொல்ல வாய் வராமல் கேட்டுச் சேஷ்டபுத்திரபாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையை, யாக்கோபுக்குக் கொடுத்துவிட்டான். இரண்டாம் முறை இரை ஆட்டுக்கறி, சிக்கியவர் அப்பா. வில் வைத்திருந்தவனோ காட்டில் உண்மையான மிருகத்தைத் தேடிக்கொண்டிருந்தான். சொன்னதைச் சொன்னபடி செய்யப் போனதால்தான் அவனுக்குத் தாமதமானது. முக்கால் மணி நேரக் கறி அவனை முந்திவிட்டது.

'இந்த ஒரே ஆசீர்வாதம் மாத்திரமா உம்மிடத்தில் உண்டு?' என்று அப்பாவிடம் கேட்டு அவன் சத்தமிட்டு அழுகிறான். கூழுக்காக உரிமையை அலட்சியம் செய்தவன் என்பது உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் அந்த அழுகையைச் சண்டே ஸ்கூலில் நமக்கு யாரும் நின்று வாசித்துக் காட்டவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

சரி, இன்னும் ஒன்று. 20 வருடம் மாமன் வீட்டில் இருந்துவிட்டு யாக்கோபு திரும்புகிறான். ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான் என்று கேட்டுப் பயந்து, முன்கூட்டியே காணிக்கை அனுப்புகிறான். ஒட்டகம், மாடு, கழுதை எல்லாம் உண்டு, ஆனால் பட்டியலில் முதலில் நிற்பது எது தெரியுமா? வெள்ளாடுகள் 200, வெள்ளாட்டுக் கடாக்கள் 20. அன்றைக்கு மந்தையிலிருந்து பிடித்தது இரண்டு குட்டிகள்.

ஏசா வில்லை எடுக்கவில்லை. ஓடிவந்து கட்டிக்கொள்கிறான், இருவரும் அழுகிறார்கள். அந்த ஆடுகளைப் பார்த்துவிட்டு அவன் சொன்னது: 'என் சகோதரனே, எனக்குப் போதுமானது இருக்கிறது.'